கன்னிக் குப்பியில் புழு

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தவர் பேராசிரியர் வைத்தியலிங்கம். கொடுத்த நேரம் காலை பத்தேகால். கையில் தரவில்லை, மேசையில் போட்டார்.

விதிகளையும் அவரே சொன்னார். தேதி போட வேண்டும். செய்வதை எல்லாம் எழுத வேண்டும். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், மை பூசி மறைக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கிறது, ஒன்றையும் கிழிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் காட்ட வேண்டும். இங்கே ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் நோட்டு வைத்திருக்கிறார்கள். சரி, ஐந்தாம் வகுப்புப் படிப்போடு அறுபத்து மூன்று வயதில் நானும் ஆராய்ச்சிக்காரி.

என் பெயர் ஒச்சம்மாள். இந்த நிலையத்தில் இருபத்தாறு வருடமாக ஈக்குச் சமைக்கிறேன். பழத்தில் மொய்க்குமே பொடி ஈ, அதற்கு. மக்காச்சோள மாவும் சீனியும் ஈஸ்ட்டும் கடல்பாசித் தூளும் போட்டுக் கூழ் காய்ச்சி, கண்ணாடிக் குப்பியில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, ஆறியதும் பஞ்சு அடைத்தால் ஒரு ஈக்குடும்பத்துக்கு அதுவே வீடும் சோறும். காலிக் குப்பியைக் கழுவுவதும் நான்தான்.

நோட்டு வந்த காரணத்தையும் எழுதுகிறேன், செய்வதை எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார் அல்லவா. தூத்துக்குடிப் பெண் ஜெபசெல்வியின் சோதனை கெட்டுப்போனது. அவளுடைய ஈக்கள் ஈஸ்ட்டுக்கு அலைகின்றனவாம். சத்து குறைந்த ஈதான் அப்படி அலையுமாம். ஆகவே கூழில் ஈஸ்ட் குறைகிறதாம். "கூழ்ல ஏதோ கோளாறு இருக்கு சார்" என்று முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். அதை நான் மறக்கப்போவதில்லை. அவர் பன்னிரண்டு பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஈஸ்ட் எங்க போகுது ஒச்சம்மா? வீட்டுக்கு ஆப்பம் சுட எடுத்துட்டுப் போறியா?"

நான்கு பேர் சிரித்தார்கள். நான்கு பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.

"எங்க வீட்டு ஆப்பத்துக்குத் தேங்காத் தண்ணி ஊத்திப் புளிக்க வைப்போம் சார். ஈ திங்கிறதை நாங்க திங்க மாட்டோம்" என்றேன். அதற்குத்தான் இந்த நோட்டு.

2009 ஆகஸ்டில் ஈக்களுக்கு உண்ணி பிடித்தபோதும் என் கூழைத்தான் குறை சொன்னார். உண்ணி வந்தது அவரே வெளிநாட்டிலிருந்து சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்த குப்பியில். அன்று நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். இரண்டாவது பொத்தான் வேறு நிறம்.

ஜூன் 3, செவ்வாய்

குப்பி கழுவினேன். அறுநூற்று எண்பது. உடைந்தது இரண்டு.

ஜூன் 4, புதன்

ஜெபசெல்வியின் சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். அதற்கான கூழ் இன்று.

தண்ணீர் பத்து லிட்டர். மாவு எண்ணூறு கிராம். சீனி நானூறு. கடல்பாசி எண்பது. ஈஸ்ட் நூற்றைம்பது. ஈஸ்ட்டைத் தராசில் நிறுத்தவர் பேராசிரியர். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏன் அப்படி நிக்கிற?" என்றார்.

"கை நீண்டுறப்படாதுல்ல சார்."

பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கடைசியில் ஊற்றும் அமிலத்தின் நெடி தாங்காமல் பாதியில் வெளியே போய்விட்டார். இருபத்தாறு வருடமாக நான் மூச்சுவிடுவது அந்த நெடியைத்தான்.

குப்பிகள் ஆயிரம், பத்துத் தட்டு. நான்கு தட்டைப் பிள்ளைகள் உடனே கொண்டுபோனார்கள். மீதி ஆறு.

ஊற்றிய குப்பிகளைக் குளிர் அறையில் வைப்பது வழக்கம். குளிர் அறை ஏப்ரல் 21 அன்று நின்றுபோனது. பழுது பார்க்கச் சொல்லும் கடிதம் பேராசிரியரின் மேசையில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. கையெழுத்துப் போட நேரம் இல்லை. அதுவரை தாவரவியல் கட்டடத்துக்குச் சுமக்கச் சொன்னார். மைதானம் தாண்டி முந்நூற்று நாற்பது காலடி. இரண்டு வாரம் சுமந்தேன். செருப்பு கடித்தது. அப்புறம் நானே ஒரு வழி பார்த்துக்கொண்டேன். மாடியிலேயே பதினெட்டு டிகிரிக் குளிர்பெட்டி இருக்கிறது, பீரோ மாதிரி. மேல்தட்டில்தான் ஈக்கள். அடித்தட்டு சும்மா கிடக்கிறது. ஐந்தரைக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனதும் ஆறு தட்டையும் அதில் தள்ளிவிட்டேன். கைபொறுக்கிற சூடுதான். கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எரியட்டும். காலையில் ஆறரைக்கு வந்து எடுத்துவிடுவேன்.

ஜூன் 5, வியாழன்

ஆறரைக்குத் தட்டுகளை எடுத்தேன். செருப்பு கடித்த இடத்தில் நீர் வடிகிறது. ஒன்றுமில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஜெபசெல்வி டீயை எடுத்துக்கொண்டு என் சமையல் அறைக்கே வந்துவிட்டாள்.

"ஆச்சி, எம்மேல கோவமா?"

"எங்க பக்கம் ஆச்சின்னா செட்டியார் வீட்டு அம்மா. எனக்கு ஏது அந்தப் பவுசு? நான் ஆப்பத்துக்கு ஈஸ்ட்டு திருடுறவ."

"நான் அப்படிச் சொல்லலையே. கூழ்ல ஏதோன்னுதான் சொன்னேன். எனக்கும் வேற வழி தெரியல."

முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் நான் ஸ்டூலை நகர்த்திப் போடவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆண் ஈ கூடும்போது பெண் ஈக்குள் ஒரு பொருளையும் விட்டுவிட்டுப் போகிறது. புரதத்தில் சிறு துண்டு. பெப்டைடு என்று பெயர். அது உள்ளே போனதும் பெண் ஈயின் குணமே மாறிவிடும். அதுவரை ஈஸ்ட்டை எட்டிப்பார்க்காதது அதற்கு அலையும். முட்டையாக இட்டுத் தள்ளும். வேறு ஆண் கிட்டே வந்தால் பின்னங்காலால் உதைக்கும். ஒரு வாரம், பத்து நாள்கூட அந்தக் குணம் நிற்கும்.

"அந்த ஒரு துண்டுக்கா இவ்வளவும்?"

"ஆமா ஆச்சி. அது போயி மூளையில வேற பெப்டைட எழுப்பி விடுது. அந்த எழும்புற பெப்டைடு எதுன்னுதான் நான் தேடுதேன். ஒண்ணு மேல சந்தேகம் இருக்கு. ஆணையே பாக்காத கன்னி ஈயில அதை மட்டும் நான் தூண்டி விடுவேன். அப்ப அது ஈஸ்ட்டுக்கு அலைஞ்சா, நான் தேடினது அதுதான்."

"அலையுதா?"

"அலையுது. ஆனா தூண்டாத கன்னியும் சேந்து அலையுது. அதுதான் வம்பு. அது சும்மா இருந்தாத்தான இதை ஒப்பிட முடியும்?"

கேட்டுக்கொண்டே குப்பிக்குப் பஞ்சு அடைத்தேன். பிறகு சொன்னேன்: "என் புருசன எட்டி உதைக்க எனக்கு எந்தத் துண்டும் தேவைப்படல. மொத நாளே உதைச்சேன்."

டீ மூக்கில் ஏறி அவள் இருமினாள். இருமி முடித்ததும் என் காலைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சி இது, இப்படி வீங்கியிருக்கு? சக்கர இருக்கா ஒங்களுக்கு?"

"செருப்புக் கடி. போ, வேலையப் பாரு."

மாலை நோட்டைக் காட்டினேன். பேராசிரியர் போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். ஐந்து பக்கத்துக்கு ஐந்து கையெழுத்து. ஒரு வரியும் படிக்கவில்லை. பச்சைக் கோப்பு முழங்கைக்குக் கீழேயே இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் சண்டை. மகள் நாகு இன்சுலின் ஊசி வாங்கி வைத்திருக்கிறாள். மாத்திரை போதாது என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறதாம். நான்கு மாதம் பதினோரு நாள். எனக்குத் தெரியாதா?

ஊசி என்று ஆரம்பித்தவர்கள் யாரும் அதை நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. என் தம்பிக்கு ஊசிக்குப் பிறகுதான் விரலை எடுத்தார்கள். "விரல் போனதுக்கு அப்புறந்தான்ம்மா மாமாவுக்கு ஊசியே போட்டாங்க" என்கிறாள் நாகு. எது முதல் எது பின் என்று எனக்கே சொல்லித்தர வருகிறாள். பேத்தி வேறு தலையணை உறையில் ஊசி குத்திப் பழகுகிறாள்.

வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஜூன் 11, புதன்

சோதனை முடிந்தது. ஈஸ்ட்டில் நீலச் சாயம் கலந்து வைப்பார்கள். தின்ற ஈயின் வயிறு நீலமாகத் தெரியும். தூண்டிய ஈக்கும் நீலம், தூண்டாத ஈக்கும் நீலம். திரும்பவும் கெட்டது.

ஈஸ்ட்டை நிறுத்தவர் நீங்கள்தானே என்று நான் கேட்டதற்குப் பேராசிரியர் சொன்னது: "எடை சரி. நீ எப்படி வேக வச்சே, எவ்வளவு நேரம் கொதிக்க விட்டே, யாருக்குத் தெரியும்? ஜூலையிலிருந்து பாக்கெட் கூழ் வாங்கிடலாம். வெந்நீர்ல கலக்கிட்டாப் போதும். அதுக்கு ஆள் வேணாம்."

அதுக்கு ஆள் வேணாம். நேரம் மாலை நாலு ஐம்பது.

2014-ல் மழைவெள்ளத்தில் பேருந்து ஓடாதபோது இடுப்பளவு தண்ணீரில் வந்து இவருடைய நாலாயிரம் குப்பி ஈக்குச் சோறு போட்டது யார்? அன்று வேலைக்கு வந்தது நானும் காவலாளியும் மட்டுந்தான். அன்று ஆள் வேண்டியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

இன்று குப்பி கழுவும் நாள்.

ஜெபசெல்வி தன் கன்னி ஈக்களை இரண்டு நாளைக்கு ஒரு முறை புதுக் குப்பிக்கு மாற்றுவாள். பழையது என் கூடைக்கு வரும். சிவப்பு மையில் 'கன்னி' என்று எழுதி, பிடித்த தேதியும் போட்டிருப்பாள்: ஜூன் 5. கூடையில் ஐந்து நாள் கிடந்த குப்பிகள் அவை.

முதல் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன். கூழ் நெடுக வழி வழியாக அரித்திருந்தது. உள்ளே புழு. வெள்ளையாக, கொழுத்து, வாய் மட்டும் கறுப்பாக. இரண்டாவது குப்பியிலும் இருந்தது. நாற்பதில் முப்பத்தொரு குப்பியில் புழு.

ஆணைச் சேராத ஈ முட்டை இட்டாலும் அது பொரிக்காது. இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம், கோழி வளர்த்தவளுக்குத் தெரியும். ஆக இவை கன்னிகளே இல்லை. ஆணைச் சேர்ந்தவை. சேர்ந்ததால்தான் ஈஸ்ட்டுக்கு அலைந்திருக்கின்றன. கூழில் ஒரு குறையும் இல்லை.

நாற்பது குப்பியையும் கழுவாமல் துணி போட்டு மூடி வைத்தேன். நாளைக்குக் கூட்டம். எல்லாரும் இருப்பார்கள். சிரித்த நான்கு பேரும்.

ஜூன் 13, வெள்ளி

பதினோரு மணிக் கூட்டம். திரையில் ஏதோ கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டைக் கொண்டுபோய் நடுமேசையில் வைத்துத் துணியை எடுத்தேன்.

"எல்லாம் படிச்சவுக இருக்கீக. கன்னிக்கு எப்படிப் புழு வரும்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

பேராசிரியர் ஒரு குப்பியை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். குப்பியில் எழுதியிருந்த தேதியைப் படித்தார். அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை. ஜெபசெல்வியின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை மணிக்குப் பிடிச்சே?"

"காலை எட்டுக்கு சார். முந்தின நாள் அஞ்சு மணிக்கு எல்லா ஈயையும் தட்டி வெளியேத்திட்டு, பதினெட்டு டிகிரியிலதான் வச்சேன். காலையில இருந்தது எல்லாம் ராத்திரி பொரிச்சு வந்த ஈ மட்டுந்தான் சார்."

"எட்டுக்கா, பத்துக்கா? தூங்கிட்டு வந்தியா? கன்னி பிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு நாலு வருஷ உதவித்தொகை? ஒன்னோட நீட்டிப்புக்கு நான் எழுதித் தரப்போறதில்லை."

அவள் அழவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத உழைப்பாம்.

நான் துணியை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஈஸ்ட் திருடினேன் என்ற சொல்லை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் ஜெயித்துவிட்டேன்.

மாலையில் நோட்டைக் காட்டினேன். ஐந்து பக்கம், ஐந்து கையெழுத்து.

ஜூன் 14, சனி

ஜெயித்தேன். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஜெபசெல்வி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டைப்பெட்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் வேதாகமமும் ஈ தள்ளுகிற தூரிகை இரண்டும் இருந்தன. குப்பி வாங்கப் போனவள் நான் நின்றுவிட்டேன்.

"எங்க போற?"

"ஊருக்கு. அப்பா மளிகைக் கடையில உக்கார வேண்டியதுதான்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆச்சி, நீங்க செஞ்சது சரிதான். ஒங்க பேரக் கெடுத்ததுக்கு எனக்கு வேணும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நான் எட்டு மணிக்குத்தான் பிடிச்சேன். ஆண்டவர் மேல ஆணை."

"அப்புறம் எப்படிக் கூடுச்சு?"

"அதான் புரியல. இருபத்தஞ்சு டிகிரியில இருந்தா, பொறந்த ஈ எட்டு மணி நேரத்துல கூடிரும். பதினெட்டுல எல்லாம் மெதுவா நடக்கும். பதினாறு மணி நேரம்கூடத் தாங்கும். அதுக்குத்தான ராத்திரி அந்தப் பெட்டியில வைக்கது. ராத்திரி பெட்டி சூடாயிருந்தாத்தான் இப்படி ஆவும். ஆனா காலையில நானே பாத்தேன். பதினெட்டுதான் காட்டுச்சு."

"காலையில எத்தனை மணிக்குப் பாத்த?"

"எட்டுக்கு."

ஆறரைக்கும் எட்டுக்கும் ஒன்றரை மணி நேரம்.

"ஏன் ஆச்சி?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

கூழ் காய்ச்சினேன். ஒரு முறை. ஊற்றினேன். ஆறு தட்டு. கூழின் சூடு பார்க்கும் கம்பி ஒன்று சமையல் அறையில் இருக்கிறது. ஐந்தரைக்கு ஆறு தட்டையும் பெட்டியின் அடித்தட்டில் வைத்து, மேல்தட்டில் அந்தக் கம்பியை வைத்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்தே முக்கால்: இருபத்து மூன்று. சிவப்பு விளக்கு.

ஆறு: இருபத்தெட்டு.

ஆறரை: முப்பது.

ஏழரை: முப்பது. விளக்கு எரிகிற வரை குளிர் எந்திரம் ஓடவில்லை.

காவலாளி பூட்ட வந்துவிட்டார். தட்டுகளை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஜூன் 17, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் 4. "எரியட்டும்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

முதல் தடவை சோதனை கெட்டது மே மாதம். அந்தக் கன்னிகளைப் பிடித்த தேதி மே 13. நான் அந்தப் பெட்டியில் தட்டு வைக்க ஆரம்பித்தது மே 6. எனக்கு எதுவும் மறப்பதில்லை. இன்றைக்கு மட்டும் மறந்தால் தேவலை என்று இருக்கிறது.

யாருக்கும் தெரியாது. தட்டு வைப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. நோட்டையும் ஒருவரும் படிப்பதில்லை. ஜூலையில் என்னை அனுப்பப் பார்த்தவர்களுக்கு இப்போது கூழைக் குறை சொல்ல வாய் இல்லை. சும்மா இருந்தால் நான் இருப்பேன், அவள் போய்விடுவாள். என் பேரை முதலில் கெடுத்தவள் அவள்.

ஆனால் 2009-ல் உண்ணி எந்தக் குப்பியில் வந்தது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர் ஒருவர் உண்டு. பதினாறு வருடமாக நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் மாதிரி ஒரு ஆளாக நானும் ஆகிவிட்டால் அப்புறம் யாரைத்தான் திட்டுவது?

ஆகவே எழுதுகிறேன். கூழ் சரி. ஈஸ்ட் சரி. ஜெபசெல்வி கன்னி பிடித்த நேரம் சரி. பதினெட்டு டிகிரிப் பெட்டியில் சூட்டுத் தட்டு வைத்துக் கெடுத்தது நான். மைதானம் தாண்டிப் போகாததற்குக் காரணம் என் கால். காலைப் பற்றி யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் என் வீம்பு.

ஒச்சம்மாள்.

ஜூன் 18, புதன்

முதலில் ஜெபசெல்வியிடம் காட்டினேன். முறை அதுதான்.

மூன்றாம் பக்கத்தையும் நேற்று எழுதிய பக்கத்தையும் படித்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"எட்டு மாசம் ஆச்சி! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கால் வலிக்குன்னு ஒரு வார்த்த! நான் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டனா?"

"சொன்னா அனுப்பிருவாங்க."

"யாரு அனுப்புவா? அன்னைக்கு நான் கேட்டேன்லா, செருப்புக் கடின்னு சொன்னியளே!"

இந்த வயதில் இப்படி ஒருத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இல்லை. வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஈக்குக்கூட இன்சுலின் உண்டு, தெரியுமா? மூளையில சொரக்கும். அதுவும் ஒரு பெப்டைடுதான். புழுவா இருக்கும்போதே அந்த அணுக்கள அழிச்சா ஒடம்புல சக்கர ஏறி, வளராமக் குள்ளமா நின்னுரும்."

"நான் இனிமே வளரவா போறேன்?"

"வளர வேண்டாம். கால் இருக்கட்டும்."

பிறகு இருவரும் பேராசிரியரிடம் போனோம். இந்தத் தடவை அவர் படித்தார். முதல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு வரியாக. சட்டைப் பொத்தான் இடத்தில் கொஞ்சம் நின்றார். மூன்றாம் பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பக்கத்தில்தான் குளிர் அறை நின்ற தேதியும் பச்சைக் கோப்பும் சிவப்பு விளக்கும் இருக்கின்றன. அவருடைய கையெழுத்துக்கு நேர் மேலே.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஒச்சம்மா, அடுத்த மாசம் ஆய்வுக்குழு வருது. எல்லா நோட்டையும் கேப்பாங்க. இது ஒனக்குத்தான் கெடுதல். நான் ஒண்ணு செய்யறேன். செல்விக்கு நீட்டிப்புக் கடிதம் தந்துடறேன். பாக்கெட் கூழும் வேண்டாம், நீயே இரு. இந்த ரெண்டு பக்கத்தையும் மட்டும் கிழிச்சுடு."

ஜெபசெல்வி என்னைப் பார்த்தாள். கேட்டது எல்லாம் கிடைக்கிறது. அவளுக்குக் கடிதம், எனக்கு வேலை. இரண்டு தாள்தான்.

"பக்கத்துக்கு எண் அடிச்சிருக்கு சார். எதையும் கிழிக்கப்படாது. ஜூன் 2, காலை பத்தேகாலுக்கு நீங்கதான் சொன்னீங்க."

"அது சாதாரணமா..."

"செஞ்சதை எல்லாம் எழுதச் சொன்னீங்க. எழுதினேன். படிக்காமக் கையெழுத்துப் போட்டீங்க. அதையும் எழுதிட்டேன். நான் செஞ்ச தப்புக்கு என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க, போறேன். திருடின்னு சொல்லி அனுப்ப முடியாது. இந்தப் புள்ள தூங்கிட்டு வந்தான்னு சொல்லியும் அனுப்ப முடியாது. குழு வரட்டும். நானே படிச்சுக் காட்டுறேன்."

நோட்டை மேசையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கதவு வரைக்கும் நடக்க ஒன்பது காலடி. வலித்தது. நொண்டாமல் நடந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பச்சைக் கோப்பு மேசையில் இல்லை.

ஜூன் 21, சனி

பேத்தி ஊசி போட்டாள். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 23, திங்கள்

குளிர் அறை ஓடுகிறது. ஆட்கள் வந்து அரை நாளில் முடித்துவிட்டார்கள். அந்த அரை நாளுக்கு ஒன்பது வாரம் காத்திருந்தோம்.

கூழ் ஒரு முறை. ஈஸ்ட் நூற்றைம்பது கிராம், நிறுத்தது நான். யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. தட்டுகளைச் சுமந்தவள் ஜெபசெல்வி. பதினெட்டு டிகிரிப் பெட்டிக்கு அவள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: கூழ்த் தட்டு வைக்கக் கூடாது. என் முகத்துக்கு நேரே ஒட்டினாள். கொழுப்பு.

ஜூலை 1, செவ்வாய்

அவளுடைய கன்னிக் குப்பிகள் கழுவ வந்தன. பிடித்த தேதி ஜூன் 24. நாற்பதையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூழ் ஊற்றியபடியே வழுவழுவென்று இருந்தது. ஒரு புழு இல்லை.

சோதனையும் நேற்றே முடிந்துவிட்டதாம். தூண்டாத கன்னிகள் ஈஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன, வயிறு வெள்ளை. தூண்டியவற்றுக்கு வயிறெல்லாம் நீலம். அவள் தேடிய பெப்டைடு அதுதான் போலிருக்கிறது. இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறாள். முகத்தைப் பார்த்தால் இப்போதே தெரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

புதன்கிழமை குழு வந்து போனது. மூன்று பேர். நோட்டை வாங்கிப் பார்த்த அம்மாள் மூன்றாம் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேராசிரியருக்கும் ஒரு கடிதம் என்று கேள்வி. ஜெபசெல்விக்கு நீட்டிப்பு ஒரு வருடம். பாக்கெட் கூழ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நேற்றே அரிசி ஊறப்போட்டு அரைத்து வைத்திருந்தேன். காலையில் ஆப்பம் சுட்டுத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுபோனேன். நாற்பத்தைந்து. எல்லாருக்கும் கொடுத்தேன், சிரித்த நான்கு பேருக்கும். வாங்கும்போது நான்கு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபசெல்வி ஆறு தின்றாள்.

பேராசிரியரின் மேசையில் இரண்டு வைத்தேன். கையில் தரவில்லை. தேங்காய்ப் பாலில் தொட்டு ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார்.

"ஓரம் முறுகலா, நடுவுல பஞ்சு மாதிரி நல்லா உப்பி வந்திருக்கே. என்ன போட்டீங்க?"

இருபத்தாறு வருடத்தில் அவர் என்னை 'நீங்க' போட்டுக் கேட்டது இதுவே முதல் தடவை.

"தேங்காத் தண்ணி சார்."

மெல்லுவது நின்றது. பிறகு மீதியையும் தின்றார். நான் நின்றேன். ஒரு சொல்லுக்காக நின்றேன். அது வரவில்லை.

நேரம் பதினொன்று இருபது. எழுதி வைக்கிறேன்.